பிரேக்கில் எண்ணெய் அடித்த மகனுக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

இனிமேல் நான் வண்டி ஓட்டப்போவதில்லை என்ற செய்தியை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ரிஃப்ளெக்ஸ் கம்மியாயிடுச்சு, வண்டிய வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம், எல்லாரும் அவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று நீ எழுதியிருந்தாய். பண்ணிட்டோம் என்றால் யார் யார்? நீயும் உன் அப்பாவுமா? அவர் என்னோடு ஒரே வீட்டில், ஒரே தட்டில் வைத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டுதான் அன்றைக்கு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. உன் சித்தப்பா கும்பிடும் கை படம் போட்டார். உன் மாமா "கரெக்ட் மாப்ளே" என்றான். உன் சித்தி ஒரு படி மேலே போய், "அக்கா, சாமி புண்ணியத்துல இதோட போச்சு, இனிமே வீட்ல இருங்க" என்று எழுதினாள். வீட்டில் இருக்க வேண்டுமாம். ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

என்னைப் பற்றிய தீர்ப்பை நீ எங்கே போட்டாயோ, அங்கேயே இந்தக் கடிதத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன். போனில் உன்னிடம் பேச முடியவில்லை. இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்கிறாய். இதை நீ நடுவில் வெட்ட முடியாது. மற்றவர்களும் படிக்கட்டும். கைகூப்பும் படம் போடுவதாக இருந்தால் முழுக்கப் படித்த பிறகு போடட்டும்.

நான் யார் என்பதை முதலில் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, அதுவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கிராம சுகாதார நர்ஸ். நீ பிறப்பதற்கு முன்பே கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் மொபெட் ஓட்டியவள். அந்த நாளில் அந்த ஊர்களில் வண்டி ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். வரப்பில் ஓட்டியிருக்கிறேன், ஏரி உடைந்த வருஷம் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், நீ வயிற்றில் இருந்தபோது ஓட்டியிருக்கிறேன். பிறகு உன்னை முன்னால் நிற்கவைத்து, பின்னால் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டி, உன்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். நீ ஹேண்டிலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாய். ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவேன். ஒரு நாளாவது உன்னைக் கீழே போட்டேனா? நான் எப்படி ஓட்டுவேன் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்தது நீதான், அதை நான் மறுக்கவில்லை. நல்ல வண்டி. உதைக்க வேண்டாம், பெட்ரோல் பங்கில் நிற்க வேண்டாம், சத்தமே கிடையாது. ஆர்.சி. என் பெயரில்தான் எடுத்தாய். ஆனால் போனில் வண்டியின் ஆப்பை ஏற்றும்போது, "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி, நான் பாத்துக்கறேன்" என்று உன் நம்பரைப் போட்டுக்கொண்டாய். நான் விட்டுவிட்டேன். அது என் தப்பு. என் வண்டியின் சாவி ஒன்று என் இடுப்பில் இருக்கும்போது இன்னொன்று சென்னையில் உன் சட்டைப் பையில் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச நாளாக முன் பிரேக் கத்த ஆரம்பித்திருந்தது. நம் ஊர் ரோடு தோண்டிப் போட்டுக் கிடந்தது உனக்குத் தெரியும். அந்தச் செம்மண் புழுதியெல்லாம் சக்கரத்தில்தான் போய் அப்புகிறது. அந்தச் சக்கரத்தில் இருப்பது ஒரு வட்டமான இரும்புத் தகடு. பிரேக் பிடித்தால் இரண்டு பக்கமும் இருக்கிற பேட் அதைக் கவ்வும். நடுவில் புழுதி புகுந்தால் கீச்சென்று கத்தும். மழையில் நனைந்து ராத்திரி முழுக்க நின்றால் தகட்டின் மேல் லேசாகத் துரு படியும். காலையில் நாலைந்து முறை பிடித்தால் அது தேய்ந்து போய்ச் சத்தமும் போய்விடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் இதெல்லாம் காதிலேயே விழாது. இதில் வேறு சத்தமே இல்லாததால் பிரேக் சத்தம் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். இன்னொன்றும் உண்டு. முறுக்கிய ஆக்சிலேட்டரை விட்டாலே மோட்டார் பாதி வேகத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதனால் பேடுக்கு வேலை கம்மி. வேலை இல்லாமல் கிடந்து கிடந்து அதன் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடுகிறது, அப்புறம் அதற்குக் கத்தத்தான் தெரிகிறது. இதையெல்லாம் இப்போது நான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது, வண்டி கத்துகிறது ஆனால் நிற்கிறது என்பது மட்டும்தான். கிராமத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் "ஊசி வருது, ஊசி வருது" என்று வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். எனக்கு அதில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

பொங்கலுக்கு வந்தாய். நான் கேட் முன்னால் பிரேக் பிடித்ததும் நீ காதைப் பொத்திக்கொண்டாய். "இன்னாம்மா இது, தெருவே திரும்பிப் பாக்குது. அசிங்கமா இருக்கு." சர்வீஸுக்கு விடப்போகிறேன் என்று சொன்னேன். "இதுக்கெல்லாமா சர்வீஸ்? ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்லி, போனில் எதையோ பார்த்துவிட்டு, மாடிப்படி அடியில் வைத்திருந்த ஸ்ப்ரேயை எடுத்து வந்தாய். கேட் கீலுக்கும் ஜன்னல் தாழ்ப்பாளுக்கும் அப்பா அடிப்பாரே, அந்த எண்ணெய் ஸ்ப்ரே. முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தகட்டின் இரண்டு பக்கமும், பேட் இருக்கிற சந்திலும் நன்றாக அடித்தாய். சக்கரத்தை உருட்டிப் பிரேக்கைப் பிடித்துக் காட்டினாய். சத்தமே இல்லை. "பாத்தியா? போச்சு" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. எதிர்வீட்டில் போய், "எம் புள்ள வந்து சரி பண்ணிக் குடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டேன். லீவு முடிந்து நீ அன்று சாயந்திரமே சென்னைக்குப் பஸ் ஏறினாய்.

அடுத்த நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பினேன். நம் தெருவில் மெதுவாகத்தான் போவேன். மோட்டாரும் பின் பிரேக்குமே நிறுத்திவிட்டன, அதனால் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி, முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் இறக்கச் சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். லீவர் கைக்குள் கெட்டியாக வந்து நின்றது. வண்டி நிற்கவில்லை. பின் சக்கரம் தேய்த்துக்கொண்டு போகிறது, முன் சக்கரம் நான் சொல்வதைக் காதிலேயே வாங்காமல் உருளுகிறது. ஆட்டோவிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இடது பக்கம் காலை இறக்கிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் லாரி. அவளையும் தாண்டி ரோட்டோரத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைப் பார்த்து வண்டியை விட்டேன். மணலில் சக்கரம் புதைந்தது, நான் சாய்ந்தேன். மணிக்கட்டு பிசகியது, முட்டி தேய்ந்தது. அந்தப் பெண்ணின் புடவை முனைகூட என் மேல் படவில்லை.

சரவணா, இதைத்தான் நீ ரிஃப்ளெக்ஸ் கம்மி என்று எழுதினாய்.

கூட்டம் கூடியது. தூக்கிவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள்தான். ஆனால் தண்ணீரோடு சேர்த்து ஆளுக்கு ஒரு வார்த்தையும் கொடுத்தார்கள். "இந்த வயசுல எதுக்கும்மா உங்களுக்கு வண்டி?" "வூட்ல புள்ளைங்க இல்லியா?" ஆட்டோ டிரைவர் நடு ரோட்டில் நிறுத்தியதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பா வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். கையோடு உனக்குப் போன் போட்டார். நீ என்ன கேட்டாய் என்று எனக்கு ஸ்பீக்கரில் கேட்டது. அடி பலமா என்று முதலில் கேட்டாய், அதில் குறை சொல்ல மாட்டேன். அடுத்த கேள்வியே, "எத்தினி ஸ்பீடுல போனாங்களாம்?"

உன் அப்பா தன் மோட்டார் சைக்கிளில் எத்தனை தடவை விழுந்திருக்கிறார் தெரியுமா? ஒரு தடவை அவலூர்ப்பேட்டை ரோட்டில் எருமை மேல் மோதித் தோள்பட்டை எலும்பு விலகியது. அப்போது யாரும் அவரை வண்டியை விற்கச் சொல்லவில்லை. எருமையைத்தான் திட்டினார்கள். நீ காலேஜ் படிக்கும்போது ரிங் ரோட்டில் சிநேகிதனைப் பின்னால் வைத்துக்கொண்டு வீல் தூக்கி விழுந்தாய். முகமெல்லாம் சிராய்ப்பு. நான் உனக்கு மருந்து போட்டுக் கட்டி, ஆறியதும் "போய் ஓட்டு, இல்லன்னா பயம் உள்ளயே தங்கிடும்" என்று என் கையால் சாவியைக் கொடுத்தேன். அப்போது உன் வண்டியை யாராவது பூட்டினார்களா? விழுந்தது ஆணாக இருந்தால் ரோடு சரியில்லை, மாடு குறுக்கே வந்தது, டயர் வழுக்கியது. விழுந்தது நானாக இருந்தால் வயசாகிவிட்டது.

கை வீக்கம் வடியும் வரை வீட்டில் இருந்தேன். அப்போதெல்லாம் ஒரே யோசனை. பிரேக் ஏன் பிடிக்கவில்லை? காய்ச்சல் என்று ஒரு குழந்தை வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், ஏன் காய்ச்சல் என்று பார்க்கிறவள் நான். கை சரியானதும் வாசலில் ஒரு மணையைப் போட்டு முன் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அந்தத் தகட்டின் மேல் அழுத்தித் துடைத்தேன். காய்ந்த புழுதி வந்திருக்க வேண்டும். வந்தது கறுப்பு மை மாதிரி பிசுபிசுப்பு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எழுந்து போய் மாடிப்படி அடியிலிருந்து அந்த ஸ்ப்ரேயை எடுத்து, இன்னொரு பஞ்சில் அடித்து முகர்ந்து பார்த்தேன். ஒரே வாசனை. உன் அப்பாவையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவர் இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "அவனுக்குத் தெரியாம செஞ்சிருப்பான்" என்றார். தெரியாமல்தான் செய்தாய், சத்தியமாக ஒத்துக்கொள்கிறேன். அன்று உன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சத்தம் நின்றதும் பிரேக்கும் நின்றுபோனது என்று எனக்கும்தானே தெரியவில்லை.

கோபம் வந்தது நான் உனக்குப் போன் போட்ட பிறகு. பேட் மேல எண்ணெய் பட்டிருக்கு, அதான் வழுக்கிடுச்சு என்று பொறுமையாகத்தான் சொன்னேன். "அதெல்லாம் இல்லம்மா. வீடியோவுல ஆயிரம் பேர் போட்டிருக்கான். நீ பதட்டத்துல சரியாப் புடிச்சிருக்க மாட்ட" என்றாய். பஞ்சால் துடைத்துப் பார்த்தேனே என்றேன். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு, நல்லவேளை பெருசா ஒண்ணும் ஆவல. இனிமே எடுக்காத, அவ்ளோதான்." ஒரு வார்த்தை, "அய்யோ அம்மா, நானா அப்படிப் பண்ணிட்டேன்?" என்று நீ கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அன்று ராத்திரிதான் குழுவில் அந்த அறிவிப்பைப் போட்டாய்.

உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வண்டியை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்து, "சொல்லுங்க சார், வண்டி என்ன பிரச்சினை?" என்றான். அப்பா பாவம், "அவங்களக் கேளுங்க, அவங்க வண்டி" என்றார். நான் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டே மறுபடியும் அப்பாவிடம், "மேடம் எப்பவும் பிரேக் அழுத்தியே ஓட்டுவாங்களா சார்?" என்று கேட்டான். எழுதுவதை நிறுத்தச் சொல்லி, அவனைக் கையோடு வண்டிக்குக் கூட்டிப்போய்ப் பஞ்சால் துடைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு என்னிடமே பேசினான். எண்ணெய் குடித்த பேடைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும் என்று எனக்கு அங்கே தெரிந்தது. பேடைக் கழற்றி மாட்டும் வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தகட்டை அதற்கென்றே இருக்கிற திரவம் போட்டு இரண்டு முறை துடைத்தார்கள். கவ்விப் பிடிக்கிற பாகம் நகரும் கம்பிகளில் மண் இறுகிக் கிடந்தது, அதையும் சுத்தம் செய்தார்கள். உண்மையில் ஆரம்பத்தில் கத்தியதற்குக் காரணம் அந்த மண்தான். நீ போனைப் பார்த்த நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருந்தால் பாதிச் சத்தம் போயிருக்கும்.

புதுப் பேட் போட்டதும் அடித்துப் பிடிக்கக் கூடாது என்றார்கள். ஆள் இல்லாத இடத்தில் நிதானமான வேகத்தில் போய், மெதுவாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி போய், மறுபடி குறைத்து, அப்படிச் செய்யச் செய்யத்தான் பேடும் தகடும் ஒன்றுக்கொன்று பொருந்தும். வேங்கிக்காலில் புது வீட்டு மனை போட்டிருக்கிற இடத்தில் காலை வெயிலில் போய் வந்து போய் வந்து பழக்கினேன். நாலு மனைக்கு ஒரு தடவை நிறுத்தினேன். வண்டி நான் நினைத்த இடத்தில் வந்து நின்றது. மணிக்கட்டு கொஞ்சம் வலித்தது, ஆனால் உள்ளே பயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன், புதன்கிழமை தடுப்பூசிக்கு இதில்தான் போகப்போகிறேன் என்று. "சரவணன் எதனா சொல்லப்போறான்" என்றார். சொல்லட்டும் என்றேன்.

நீ சொல்லவில்லை. செய்தாய்.

அந்தப் புதன்கிழமை அடி அண்ணாமலை பக்கம் எனக்கு முகாம். வழக்கமாகத் தடுப்பூசிப் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகிறவருக்கு உடம்பு சரியில்லை, அதனால் மிச்ச மருந்தை நானே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஊசி போட்டு முடித்து, அழுத பிள்ளைகளையெல்லாம் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, பெட்டியைக் காலடியில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். வண்டி உயிர் பெறவில்லை. சார்ஜ் இருக்கிறது. மறுபடி அழுத்தினேன். திரையில் பூட்டுப் படம் வந்தது, உரிமையாளர் பூட்டியிருக்கிறார் என்று எழுத்து வந்தது. உரிமையாளர் நான் இங்கே வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். அங்கன்வாடி ஆயா வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா நர்சம்மா, ஸ்டார்ட் ஆவலியா? திருடன் கிருடன் எதனா பண்ணிட்டானா?" உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்தாய், கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஆமாம்மா, நான்தான் லாக் பண்ணேன். நீ எடுத்துக்கினு போனது எனக்கு ஆப்ல காட்டிச்சு. சொன்னா கேக்க மாட்ற. வாங்கறதுக்கு ஆள் பாத்துட்டேன், பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும்போது முடிச்சுடலாம். இப்போ ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போ."

மருந்துப் பெட்டி என் கையில் இருக்கிறது என்று சொன்னேன். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றாய்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது யாருடைய மருந்து தெரியுமா? அடுத்த நாள் இன்னொரு ஊரில் பிறந்து சில வாரமே ஆன பிள்ளைகளுக்குப் போட வேண்டியது. சூடு ஏறினால் அத்தனையும் வீண். அங்கே ஆட்டோ உடனே கிடைக்குமா? பௌர்ணமியாக இருந்தால் காலடி வைக்க இடமில்லாமல் ஜனம் இருக்கும், மற்ற நாளில் அந்த மதிய வெயிலில் நாய்தான் படுத்திருக்கும். பெட்டியை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். கடைசியில் பூ மூட்டை ஏற்றிய ஒரு வேனை ஆயா ஓடிப்போய்க் கைகாட்டி நிறுத்தினாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பார்மசிஸ்ட் பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உறைந்தே இருந்தது. மருந்து தப்பித்தது. "இன்னாம்மா, வண்டி இன்னாச்சு?" என்று கேட்டார். என் மகன் பூட்டிவிட்டான் என்று எப்படிச் சொல்வேன்? பஞ்சர் என்று பொய் சொன்னேன். இத்தனை வருஷ வேலையில் அங்கே நான் சொன்ன முதல் பொய் அது, உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

நீ பயந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியாதா? விழுந்தேன் என்று கேட்டதும் உன் குரல் எப்படி நடுங்கியது என்று நானும்தான் கேட்டேன். ஆனால் பயம் உனக்கு, பூட்டு எனக்கா? உனக்குப் பயமாக இருந்தால் லீவு போட்டு வந்து என் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வந்து பார்த்திருக்கலாம். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு விரலால், எண்ணெய் அடித்த அதே கை விரலால், நீ என்னை நடுத்தெருவில் நிறுத்தினாய்.

மறுநாள் ஆர்.சி.யும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "வண்டி உங்க பேர்லதாம்மா இருக்கு, நம்பரை மாத்திக் குடுக்கறதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஓ.டி.பி. பழைய நம்பருக்குத்தான் போவும். தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க." தம்பியிடம் கேட்டால் தம்பி கொடுப்பானா? அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து நிவேதாவுக்குப் போன் போட்டேன். உன் மனைவியிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன், பஞ்சிலிருந்து பூ வேன் வரைக்கும். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அத்தை, அவர் இன்னிக்கு வீட்லருந்துதான் வேலை பாக்கறார். இப்போ குளிக்கப் போயிருக்கார். போன் வெளியிலதான் இருக்கு. அனுப்பச் சொல்லுங்க" என்றாள். மேனேஜர் அனுப்பினார். நிவேதா எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன், மேனேஜர் தட்டினார். என் போனில் டிங் என்று ஒரு சத்தம் வந்தது. வண்டி என்னுடையது என்று அதில் வந்தது. மேனேஜர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

அவள் உன்னிடம் எதையும் மறைக்கவில்லை. நீ குளித்துவிட்டு வந்ததும் அவளே சொன்னாளாம். நீ அவளைப் பார்த்துக் கத்தினாயாம். "எங்கம்மாவுக்கு எதனா ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று சொன்னாயாம். இதைக் கேட்ட பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன். என்னை வைத்து என் மருமகளை நீ மிரட்டுவதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் அதற்கு ரோடு பொறுப்பாகலாம், லாரி பொறுப்பாகலாம், நானே பொறுப்பாகலாம். அவள் பொறுப்பில்லை. அன்று நான் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று உனக்கும் தெரியும், இப்போது இந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் மன்னிப்புக் கேள். என்னிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

உன் வண்டிக்கும் பிரேக் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். கத்தினால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவு. காய்ந்த பிறகு மெதுவாக நாலு முறை பிடித்துப் பார். கீச்சென்று கத்துவது பெரும்பாலும் அழுக்கு. கரகரவென்று இரும்பு இரும்பைத் தேய்க்கிற மாதிரி கேட்டால் பேட் தீர்ந்துவிட்டது, ஓட்டாமல் கொண்டுபோய் மாற்று. எண்ணெய், மெழுகு, வண்டி பளபளக்க அடிக்கிற ஸ்ப்ரே, எதையும் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே. வாயை மூடவைக்கிற வைத்தியம் எதுவும் வைத்தியமில்லை என்று எனக்கு என் வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறது. வலி என்று அழுகிற பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, அழுகை நின்றது என்று எந்த நர்ஸும் சந்தோஷப்பட மாட்டாள்.

வண்டியை அடி அண்ணாமலையிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். இந்தப் புதன்கிழமையும் போய் வந்தேன். வாங்க வருகிறேன் என்று சொன்ன ஆளிடம் வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிடு.

பௌர்ணமிக்கு நீங்கள் இரண்டு பேரும் வருவதாக நிவேதா சொன்னாள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து வீட்டுக்கு வர ஒரு ஆட்டோவும் சும்மா கிடைக்காது. இறங்கியதும் போன் பண்ணுங்கள், நான் ஸ்கூட்டரில் வருகிறேன். முதல் நடை நிவேதாவுக்கு. நீ பைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நில். அவளை வீட்டில் விட்டு, ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு, நிதானமாக வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன்.

அம்மா